ஆறில் ஐந்து

கிருபாவதி தன் மகளின் கணக்கு நோட்டில் முதன்முதலாகச் சிவப்புப் பேனாவால் சரி போட்டது 1996 ஆகஸ்டில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மொத்தம் பத்துக் கணக்கு. பத்துக்கும் சரி போட்டாள். பத்தும் தப்பு.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. போபோடியில் ரயில் பாதையை ஒட்டிப் போகும் சந்தில், ஒரு அறையும் அடுக்களையுமாக ஒரு வீடு. கணவர் ஐசக் கட்கி பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். இருவருக்கும் சொந்த ஊர் சாயர்புரம் பக்கம். கல்யாணமாகிப் பூனா வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரே பெண் ஹெலினா, இங்கிலீஷ் மீடியத்தில் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சொல்லியிருந்தார்கள். மற்ற பாடங்களுக்குக் கிருபாவதி கையெழுத்து மட்டும் போடுவாள். இங்கிலீஷ் எழுத்துகள் அவளுக்குத் தெரியும், வார்த்தைகளாகச் சேராது. கணக்கு எந்தப் பாஷையிலும் ஒன்றுதானே என்று அன்றைக்குத் துணிந்து பேனாவைத் திறந்தாள். இரண்டில் ஒன்றும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று ஹெலினா எழுதியிருந்தாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. கூட்டல் ஒழுங்காகத்தான் இருந்தது. மற்ற ஒன்பதும் அப்படியே.

கிருபாவதியைக் குறை சொல்லவும் முடியாது. ஊரில் ஐந்தாவது படிக்கும்போது மஞ்சள்காமாலை வந்து மூன்று மாதம் பாயில் கிடந்தாள். எழுந்து பள்ளிக்கூடம் போனபோது வாத்தியார் பின்னத்தை முடித்துவிட்டு வேறு பாடத்துக்குப் போயிருந்தார். விட்டுப்போனதைக் கேட்கக் கூச்சம். எல்லாரும் தலையாட்டியபோது அவளும் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே எட்டாவது வரை வந்து, கணக்கில் ஃபெயிலாகி, படிப்பு அதோடு நின்றது.

திங்கட்கிழமை ஹெலினா பள்ளி விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் போட்டாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஆற்றி வைத்த பாலில் ஆடை படர்ந்தது. என்ன ஏது என்று கேட்டுப் பதில் வராமல், கிருபாவதி நோட்டை எடுத்துப் பிரித்தாள். அவள் போட்டிருந்த பத்துச் சரியின் மேலும் பத்துப் பெருக்கல் குறி. அடியில் இங்கிலீஷில் இரண்டு வரி.

“இதுல என்ன எழுதிருக்கு? வாசிச்சுச் சொல்லு.”

ஹெலினா திரும்பாமலே சொன்னாள். “வீட்டுல சொல்லித் தராதீங்கன்னு மிஸ் எழுதிருக்காங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “நான் மிஸ்கூட ஃபைட் பண்ணேன். மம்மி செக் பண்ணிருக்கா, சரியாத்தான் இருக்கும்னு. ஸப் ஹஸே.”

எல்லாரும் சிரித்தார்கள் என்பதை அவள் இந்தியில்தான் சொன்னாள். அழுகையை அடக்கும்போது அவளுக்குத் தமிழ் வராது.

பிள்ளைகள் சிரித்தது கிருபாவதிக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மா போட்ட சரியை நம்பி, ஒன்பது வயதுப் பெண், நாற்பத்தெட்டுப் பேருக்கு நடுவில் எழுந்து நின்று டீச்சரோடு வாதாடியிருக்கிறாள். அந்த நம்பிக்கைதான் அவளைத் தைத்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டியதற்கு இத்தனை வருஷம் கழித்து, தனக்குப் பதிலாகத் தன் பிள்ளை அடி வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தாள்.

மறுநாள் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். கணக்கு டீச்சர் மிஸ் பின்டோ ஐம்பது வயதை நெருங்கியவர். அடுக்கிக் கிடந்த நோட்டுகளுக்குப் பின்னால் அவர் முகம் பாதிதான் தெரிந்தது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே அவர் நினைத்திருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார்ந்தார். கிருபாவதி தனக்குத் தெரிந்த இந்தியில், தப்பு பிள்ளை மேல் இல்லை, சரி போட்டது நான், வகுப்பில் அதை மட்டும் சொல்லிவிடுங்கள் என்றாள். பிறகு, அது ஏன் தப்பு என்று எனக்கும் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

அப்படி ஒரு கேள்வியோடு யாரும் அந்த அறைக்கு வந்ததில்லை போலும். டீச்சர் ஒரு தாளை எடுத்து, அதில் எல்.சி.எம். எடுக்கும் முறையை எழுதிக் காட்டினார். கீழ் எண்கள் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைக் கண்டுபிடி, மேல் எண்களை அதற்கேற்றபடிப் பெருக்கு, பிறகு கூட்டு. அதற்குள் மணி அடித்துவிட்டது. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்க நேரமில்லை. ஆனால் அன்று வகுப்பில், அந்தத் தப்பு ஹெலினாவுடையது இல்லை என்று அவர் சொன்னதாக ஹெலினா வந்து சொன்னாள். பாலையும் குடித்தாள்.

அந்தத் தாளைக் கிருபாவதி நாலாக மடித்து வைத்துக்கொண்டு பத்து நாள் போட்டுப் பார்த்தாள். விடை வந்தது. எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. ஏன் கீழே கூட்டக்கூடாது என்று ஹெலினா கேட்டால் சொல்ல வாயில் ஒன்றும் இல்லை. டியூஷனில் சேர்த்துவிடலாம் என்று ஐசக் சொன்னார். பக்கத்துச் சந்தில் ஒருவர் எடுக்கிறார், ஆனால் அடுத்த ஜூனில்தான் இடமாம்.

“ஜூன்ல சேக்கலாம்,” என்றாள் கிருபாவதி. “அது வரைக்கும் அவ எங்கிட்டதான கேப்பா? எனக்கு விளங்காததை இனிமே அவகிட்டச் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுகிட்டுச் சொல்லுதேன்.”

ஐசக் டியூஷன் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அவருக்கு அவளைத் தெரியும்.

கிருபாவதி வேலை பார்த்தது, எல்லாரும் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்ட முதலாளி கோர்படேயின் டப்பா ஷெட்டில். போபோடியிலேயே, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. மிட்டாய்க் கடைகளுக்கு வேண்டிய அட்டை டப்பாக்களை அங்கே செய்தார்கள். பெரிய அட்டை ஷீட்டுகளில் கோடு அச்சடித்து வரும். அந்தக் கோட்டில் வெட்டி, மடித்து, பின் அடிக்க வேண்டும். ஒரு கிலோ டப்பா என்றால் ஒரு ஷீட்டுக்கு நாலு. அரைக் கிலோ என்றால் ஆறு. கால் கிலோ என்றால் பன்னிரண்டு. பக்கத்துப் பலகையில் வேலை பார்த்தவள் பவுன், விழுப்புரத்துக்காரி, கிருபாவதியை விட ஐந்து வயது இளையவள். இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே கை ஓயாமல் வெட்டுவார்கள்.

கணபதி பண்டிகைக்கு முந்தின வாரம். மோதக டப்பாக்களுக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது. வெளியே விடாத மழை. மத்தியானத்துக்கு மேல் ஒரு கடையின் டெம்போ வந்து வாசலில் நிற்க, அரைக் கிலோ டப்பாவில் ஆறு குறைகிறது என்று தெரிந்தது. காகா ஓடிப் போய்க் கடைசிக் கட்டைப் புரட்டினார். கூரை ஒழுகிக் கட்டின் அடிப்பக்கம் ஊறிப்போயிருந்தது. இரண்டே ஷீட்டுகள் தேறின, அவையும் முழுசாக இல்லை. ஒன்றில் பாதி காய்ந்திருந்தது. இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்குதான். நனைந்ததைக் கிழித்தெறிந்துவிட்டு இரண்டு துண்டையும் கிருபாவதியின் பலகையில் போட்டு, எத்தனை வரும் என்று மராட்டியில் கேட்டார்.

“பாச்,” என்றாள் கிருபாவதி. ஐந்து. பாதி ஷீட்டில் மூன்று, மூன்றில் ஒரு பங்கில் இரண்டு. யோசிக்கவே இல்லை. ஹெலினாவுக்கு இரண்டு வயதானதிலிருந்து ஏழு வருஷமாகப் பழகிய கை.

ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, காலையில் கொண்டு வந்து தருகிறேன் என்று காகா டெம்போக்காரனைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் ஐந்தையும் வெட்டி மடித்துக் கொடுத்தாள். டெம்போ கிளம்பியது. அவள் கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பவுன் என்னக்கா என்று கேட்டது காதில் விழவில்லை.

பாதியும் மூன்றில் ஒன்றும். இரண்டையும் சேர்த்தால் ஐந்து டப்பா. ஒரு முழு ஷீட்டுக்கு ஆறு டப்பா. அப்படியானால் ஆறில் ஐந்து. நோட்டில் அவள் சரி போட்டது ஐந்தில் இரண்டு. பாதி ஷீட்டு ஒன்றே அதை விடப் பெரிசாயிற்றே. பாதியோடு இன்னொரு துண்டையும் சேர்த்த பிறகு அது எப்படிப் பாதிக்கும் கீழே போகும்? ஒரு டப்பாக்காரி இதைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருக்க வேண்டாமா? சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. மிஸ் பின்டோ எழுதிக்கொடுத்த பொதுவான எண் என்பது வேறொன்றும் இல்லை, இரண்டு துண்டையும் மிச்சமில்லாமல் வெட்டக்கூடிய டப்பா. ஆறு டப்பா ஷீட்டைப் பாதியாகவும் வெட்டலாம், மூன்றாகவும் வெட்டலாம். நாலு டப்பா ஷீட்டை மூன்றாக வெட்டினால் டப்பாவே கிழிந்துவிடும்.

அன்று சாயங்காலம் காகாவிடம் கேட்டு, அச்சு கோணலாக விழுந்து ஒதுக்கி வைத்திருந்த ஷீட்டுகளில் சிலவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தனக்கு விளங்கியதை ஹெலினாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. வழியிலேயே மனதை மாற்றிக்கொண்டாள். தனக்கு யாரும் சொல்லி இது வரவில்லை, கையில் துண்டு இருந்ததால் வந்தது. அது பிள்ளைக்கும் அப்படியே வரட்டும்.

தரையில் பாதித் துண்டு ஒன்றையும் மூன்றில் ஒரு துண்டையும் வைத்தாள்.

“இதுல எத்தனை டப்பா வரும், எண்ணிச் சொல்லு.”

ஹெலினா கோடுகளை விரலால் தொட்டு எண்ணினாள். “ஃபைவ்.”

“முழு ஷீட்டுல?”

“சிக்ஸ்.”

“அப்ப இந்த ரெண்டும் சேந்து ஷீட்டுல எம்புட்டு?”

“ஆறுல அஞ்சு,” என்று சொல்லிவிட்டு ஹெலினா துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்து, பெருக்கல் குறி போட்ட அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். பாதித் துண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

“மம்மி, இது மட்டுமே டூ பை ஃபைவ விடப் பெரிசு.”

“ஆமா,” என்றாள் கிருபாவதி. “எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் இருவரும் தரையில் அட்டையைப் பரப்பி உட்கார்ந்தார்கள். பாதியும் காலும் சேர வேண்டுமா, நாலு டப்பா ஷீட்டை எடு. மூன்றில் ஒன்றும் காலும் சேர வேண்டுமா, நாலும் ஆகாது, ஆறும் ஆகாது, பன்னிரண்டுதான் சரிப்படும். எந்த ஷீட்டு சரிப்படும் என்று தேடுவதே ஹெலினாவுக்கு விளையாட்டாகிவிட்டது. ஒரு நாள் பாதியும் ஐந்தில் ஒன்றும் என்று ஒரு கணக்கு வந்தது. காகாவின் ஷெட்டில் அதற்கு டப்பா கிடையாது. இருவரும் எல்லா ஷீட்டையும் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு ஹெலினாவே பென்சிலை எடுத்து, அட்டையின் பின்பக்கத்தில் பத்து டப்பா உள்ள ஒரு ஷீட்டை வரைந்தாள். இல்லாத டப்பாவுக்கும் ஷீட்டு வரையலாம் என்று தெரிந்த பிறகு அவளுக்கு எந்தக் கணக்கும் பயமாக இல்லை.

பரீட்சையில் உடனே எல்லாம் மாறிவிடவில்லை. தீபாவளிக்கு முந்திய பரீட்சையில் ஒவ்வொரு கணக்குக்கும் ஷீட்டு வரைந்து, கோடு போட்டு, டப்பா எண்ணி, நேரம் போதாமல் இருபதுக்குப் பதினொன்றுதான் வாங்கினாள். எழுதிய வரைக்கும் ஒன்றுகூடத் தப்பு இல்லை. ஐசக் மார்க்கைப் பார்த்து முகம் வாடினார். கிருபாவதி விடைத்தாளைத் தன்னால் முடிந்த வரை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு, இனிமேல் ஷீட்டைத் தாளில் வரைய வேண்டாம், மனசிலேயே வரைந்துவிட்டு மிஸ் சொன்ன முறையில் எழுது என்று மகளிடம் சொன்னாள். முறைக்கும் அவசியம் உண்டு, அது ஓடுவதற்கு. ஷீட்டு விழாமல் நிற்பதற்கு. வருஷக் கடைசிப் பரீட்சையில் இருபதுக்குப் பதினெட்டு.

அதற்கு முன்பே, ஜனவரியில், ஹெலினா வகுப்பில் கரும்பலகைக்குப் போய்ப் பாதியையும் மூன்றில் ஒன்றையும் ஷீட்டு வரைந்து விளக்கியிருக்கிறாள். அன்று மிஸ் பின்டோ அவள் கையில் ஒரு குறிப்புக் கொடுத்தனுப்பினார். ஹெலினா வாசித்தாள். பன்னிரண்டு டப்பா ஷீட்டு நாற்பத்தெட்டுக் கிடைக்குமா, என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் வேண்டும் என்று கேட்டிருந்தார். கிருபாவதி அதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள். காகாவிடம் கேட்டபோது அவர், பள்ளிக்கூடத்துக்கா, நல்ல ஷீட்டையே எடுத்துக்கொண்டு போ என்றார். அவளும் பவுனும் ஆளுக்கொரு கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார்கள். மிஸ் பின்டோ எழுந்து நின்று வாங்கிக்கொண்டதைப் பவுன் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பவுனுக்கு ஒரு மகள், அம்மு. ஹெலினாவை விட நாலு வயது சின்னவள். 2000-இல் அவள் நாலாவதுக்கு வந்தபோது பின்னமும் கூடவே வந்தது. பவுன் ஒரு நாள் வேலைக்கு நடுவில் சொன்னாள். “நமக்குக் கணக்கு வராதுக்கா. எம்பொண்ணுக்கும் அதே மண்டதான். நீயே கொஞ்சம் பாத்துக்கோயேன்.”

கிருபாவதி சரி என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. அம்முவோடு பவுனும் வந்து தரையில் உட்கார வேண்டும்.

“நான் எதுக்குக்கா?”

“எங்கிட்ட அவ இருக்கப் போறது அரை மணி நேரம். மிச்சப் பொழுதெல்லாம் ஓங்கிட்டதான? நீ சரி போட்டா அவ நம்புவா. அதனால நீயும் படி.”

பவுன் சிரித்து மழுப்பினாள், இரண்டு நாள் வராமல் இருந்து பார்த்தாள், மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தாள். ஆறு டப்பா ஷீட்டில் அவள் எவ்வளவு வேகமாக விடை சொன்னாள் என்பதைப் பார்த்து அம்முவே வாயைப் பிளந்தாள். தன் அம்மாவுக்குக் கணக்கு வரும் என்று அந்தப் பிள்ளை அதுவரை நினைத்ததே இல்லை.

அப்படித்தான் அது வளர்ந்தது. சந்திலிருந்து இன்னும் பிள்ளைகள் வந்தார்கள். மராட்டிப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், மூன்று பாஷையையும் கலந்து பேசும் தமிழ்ப் பிள்ளைகள். எந்தப் பிள்ளை வந்தாலும் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் கூட வர வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. அம்மாவோ, அப்பாவோ, சித்தியோ. மாட்டேன் என்றவர்களின் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் வாரம் ஒரு முறை அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று அழைப்பாள். முக்கால்வாசிப் பேர் அந்தத் தொல்லை தாங்காமலே வந்தார்கள். புதிதாக வரும் ஒவ்வொரு அம்மாவிடமும் முதலில் தன் பத்துச் சரியைப் பற்றித்தான் சொல்வாள். ஒளிக்காமல், சிரித்துக்கொண்டே சொல்வாள். அதைக் கேட்டதும் வந்தவளின் தோள் கொஞ்சம் தளரும். பிறகு பாடம் நடக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதை அவள் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டாள். மூன்றைப் பாதியால் வகுத்தால் எப்படி ஆறு வரும், வகுத்தால் குறையத்தானே வேண்டும் என்று ஒரு மராட்டிப் பெண் கேட்டபோது, எனக்குத் தெரியாது, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் ஷெட்டில் மூன்று ஷீட்டை முன்னால் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பவுன்தான், மூணு ஷீட்டுல எத்தனை பாதி இருக்குன்னு கேக்குறாங்க போலக்கா, ஆறு பாதி இருக்குதே என்றாள். அன்று சாயங்காலம் அந்தப் பதிலைப் பவுனையே சொல்ல வைத்தாள்.

எல்லாரும் அவளை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. சந்தின் முனையில் புதிதாக எழும்பிய கட்டடத்துக்கு ரவிச்சந்திரன் என்று ஒருவர் குடிவந்தார். பாதுகாப்புத் துறை ஆபீஸில் வேலை. அவர் பெண் ஸ்நேஹா இரண்டு மாதம் வந்தாள், கெட்டிக்காரி. 2002 மழைக்காலத்தில் ஒரு நாள் அவரே வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான், குரல் உயர்த்தவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எட்டாவது ஃபெயில்னு சொன்னாங்க. பேஸிக் சரியா இல்லன்னா பின்னாடி குழந்தைக்குக் கஷ்டம், இல்லையா?”

“ஃபெயில்தாங்க. உண்மைதான்,” என்றாள் கிருபாவதி. “ஸ்நேஹாவ எங்க சேத்தாலும் வீட்டுல நீங்க கூட உக்காருங்க.”

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஸ்நேஹா மறுநாளிலிருந்து வரவில்லை. அன்று கிருபாவதி சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டாள். ஐசக் மஞ்சள் தடவிவிட்டுக்கொண்டே, அந்த ஆள் சொன்னதைப் பெரிசாக நினைக்காதே என்றார். அவர் சொன்னது தப்பில்லை, அதுதான் வலிக்கிறது என்றாள் அவள். அந்த வாரம் முழுவதும் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போய் வந்தாள். பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் மட்டும் எப்போதும் போல நடந்தது.

அடுத்த வருஷம் ஹெலினா பத்தாவது பாஸ் செய்து ஜூனியர் காலேஜில் சேர்ந்தாள். அந்த ஜூலையில் கிருபாவதி கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பதினேழாம் நம்பர் ஃபார்ம் வாங்கி வந்தாள். பள்ளிக்கூடம் போகாமல் வெளியிலிருந்து பத்தாவது எழுதுகிறவர்களுக்கான ஃபார்ம் அது. வீட்டில் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மேஜையில் அதைப் பார்த்துவிட்டு ஹெலினா யாருக்கு என்று கேட்டாள். எனக்குத்தான் என்றாள் அம்மா. ஹெலினா ஃபார்மை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, எந்த மீடியம் என்று கேட்டாள்.

அதுதான் பெரிய கேள்வி. தமிழில் எழுத வழியில்லை. இங்கிலீஷ் தூரம். கடைசியில் இந்தி என்று முடிவாயிற்று. பேச வரும், படிப்போ கடைப் பலகைகளைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான். நகரத்துக்குள் அப்பா பல்வந்த் சௌக் என்ற நாற்சந்தியில் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி இந்திப் பாடப் புத்தகங்களை வாங்கினார்கள். ஷெட்டில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ரொட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு, அட்டைத் துண்டுகளின் பின்னால் வரலாற்றுப் பாடத்தை எழுதிப் பார்ப்பாள். காகா கடந்து போகும்போது எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் ஹெலினா அவளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தாள். எக்ஸ் என்பது இன்னும் எண்ணாத டப்பா என்று சொன்னதும் கிருபாவதிக்குப் பிடிபட்டுவிட்டது. ஐசக் சமையலை எடுத்துக்கொண்டார். முதல் மாதம் அவர் வைத்த ரசத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் மாதம் நன்றாகவே இருந்தது.

2004 மார்ச்சில், முப்பத்தொன்பது வயதில், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். ஜூனில் ரிசல்ட். கணக்கில் நூற்றைம்பதுக்கு நூற்றெட்டு. மற்றதிலெல்லாம் கரையேறிவிட்டாள். இங்கிலீஷில் இருபத்தொன்பது, ஃபெயில். போஸ்ட்மாஸ்டருக்கு எழுதச் சொன்ன கடிதத்தில் ‘டியர் சார்’ என்பதற்கு மேல் போகவில்லை என்று அவளே சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. ஹெலினா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

வெளியே வந்ததும், “அக்டோபர்ல திரும்ப எழுதலாமா மம்மி?” என்று தடுமாறிய தமிழில் கேட்டாள்.

“எழுதலாம்,” என்றாள் கிருபாவதி. “கடிதம் எழுதச் சொல்லிக்கொடு.”

நாலு மாதத்தில் போஸ்ட்மாஸ்டர், ஹெட்மாஸ்டர், முனிசிபாலிட்டி கமிஷனர் என்று எல்லாருக்கும் எழுதிப் பழகினாள். அக்டோபரில் முப்பத்தெட்டு வாங்கினாள். பாஸ். மார்க் ஷீட்டைக் கொண்டுபோய் முதலில் காட்டியது மிஸ் பின்டோவிடம். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கணக்கு மார்க்கின் மேல் விரலை வைத்து, அதை வாய்விட்டு வாசித்தார். ஷெட்டில் காகா எல்லாருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார். சந்தில் ஒரு மாற்றமும் இல்லை. சாயங்காலம் வழக்கம் போல ஏழெட்டுப் பிள்ளைகள், அவர்களோடு ஏழெட்டுப் பெரியவர்கள்.

அடுத்த ஜூலையில் ஒரு நாள், கட்கிப் பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் கிருபாவதி மறுபடியும் நின்றாள். இந்த முறை அவளுக்கு முன்னால் பவுன் நின்றாள். மழைத் தூறலுக்கு இருவரும் ஒரே குடை. ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மகனுக்கா மகளுக்கா என்று மராட்டியில் கேட்டார்.

பவுன் ஜன்னலை நெருங்கி நின்றாள். எனக்குத்தான் என்று அவளும் மராட்டியிலேயே சொன்னாள். பின்னால் நின்ற காலேஜ் வயதுப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். கிளார்க் பதினேழாம் நம்பர் ஃபார்ம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பக்கத்தில் திண்ணை மாதிரித் தாழ்வாக இருந்த மதில் மேல் ஃபார்மை வைத்துப் பவுன் தன் பெயரை எழுதினாள். ஊர், பிறந்த தேதி எல்லாம் எழுதிவிட்டு, கடைசியாகப் பாஸான வகுப்பு என்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

“ஆறாவது பாதியிலேயே நிறுத்திட்டாங்கக்கா. எட்டாவதுன்னு போட்டுக்கலாமா?”

“உள்ளதப் போடு,” என்றாள் கிருபாவதி. “அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் கேட்டுட்டேன்.”

பவுன் ஐந்து என்று போட்டாள். கிருபாவதி குடையை ஃபார்ம் நனையாதபடி இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாகச் சாய்த்தாள்.